ஏணியை மட்டும் கொடுத்துடாதீங்க

ஏசி மெக்கானிக் சன்ஷேடில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவுட்டோர் யூனிட்டின் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுத் திரும்பினால், ஏணியைக் காணோம்.

கீழே, பல் மருத்துவமனையின் ரிசப்ஷன் பெண் ஒரு கையால் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் போன்.

"அண்ணா, உங்க இடது புருவத்துல தழும்பு இருக்கா?"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். மறுபடியுமா?

"இருக்கும்மா. ஆனா அது பழைய போஸ்ட். நான் வீட்டுக்குத் திரும்பி வந்தே எட்டு வருஷம் ஆச்சு."

"காணாமப் போனவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. எனக்கு இன்னைக்குக் காலைலதான் வந்துச்சு. 'அவசரம்'னு போட்டிருக்கு."

பதினேழு வயதில், மார்க் குறைந்ததற்கு அப்பா திட்டினார் என்று போனை அணைத்துவிட்டு நண்பன் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டான். ஆறே மணி நேரம். அதற்குள் அக்கா அழுதுகொண்டே அவன் போட்டோவையும் தன் நம்பரையும் போட்டு, 'கண்டவர்கள் உடனே அழைக்கவும்' என்று எழுதிவிட்டாள். பதற்றத்தில் தேதி போடவில்லை. அவன் சாப்பாட்டு நேரத்துக்கு டாணென்று வந்துவிட்டான். போஸ்ட்தான் இன்னும் வீடு திரும்பாமல் குரூப் குரூப்பாக அலைந்துகொண்டிருக்கிறது. பஸ்ஸில் ஒருமுறை பிடித்தார்கள். சலூனில், பாதி மழித்த முகத்தோடு ஒருமுறை. போன் அக்காவுக்குத்தான் போகும். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "எங்க வீட்டுதுதான், விட்டுடுங்க" என்பாள்.

அதெல்லாம் பத்து மாதத்துக்கு முந்தைய கதை. அப்போதுதான் அக்கா முதல்முறையாகத் தான் பாடிய வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டாள். இவன் சும்மா இருந்திருக்கலாம். "நிறுத்துக்கா, பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துடுச்சு" என்று தட்டிவிட்டான். அத்தை, சித்தப்பா, சித்தப்பாவின் மருமகன் என்று வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அக்கா குரூப்பை விட்டு வெளியேறினாள். இவனை எல்லா இடத்திலும் பிளாக் செய்தாள். அதற்கப்புறம் பேச்சே இல்லை.

"அம்மா தாயே, அந்த நம்பருக்கு மட்டும் போடாதம்மா!"

"போட்டாச்சு. ஸ்பீக்கர்ல இருக்கு."

ரிங் போனது. வாயில் பஞ்சை அடக்கிய நோயாளி ஒருவர் வேடிக்கை பார்க்க வெளியே வந்துவிட்டார்.

"ஹலோ?"

அக்காவின் குரல்.

"மேடம், உங்க தம்பி கிடைச்சுட்டாரு!"

எனக்குத் தம்பியே கிடையாது என்று சொல்லிவிடுவாளோ? அவன் சன்ஷேட் விளிம்புக்கு நகர்ந்து காதைக் கொடுத்தான்.

"தழும்பு இருக்கா?"

"இருக்கு மேடம். சன்ஷேட் மேல உட்கார்ந்திருக்காரு. ஏணி என்கிட்ட இருக்கு."

"நல்ல வேலை பண்ணீங்க. நான் வர்ற வரைக்கும் ஏணியை மட்டும் கொடுத்துடாதீங்க."

விலாசம் கேட்டுக்கொண்ட இருபது நிமிடத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அக்கா ஹெல்மெட்டைக் கழற்றாமலே அண்ணாந்து பார்த்தாள்.

"பத்து மாசமாடா! தெரியாத நம்பர்னா ஓடிப்போய் எடுத்தேன். அத்தனையும் லோன் வேணுமான்னு கேக்குறவங்க. ஊர்ல ஒருத்தருக்குமா உன்னை அடையாளம் தெரியல?"

"தாடி வெச்சிருந்தேன்கா. நேத்துதான் எடுத்தேன்."

"நல்லாவா இருந்துச்சு?"

"கேவலமா இருந்துச்சு." "அக்கா, நீ அன்னைக்கு நல்லாத்தான் பாடினே."

"புளுகாதடா. நடுவுல சுருதி விலகுச்சு, எனக்கே தெரியும். அதை எனக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு ஊரைக் கூட்டிச் சொன்னே?"

"நாலு பேர் சிரிப்பாங்கன்னு போட்டுட்டேன்கா. தப்புதான்."

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மேலே இருந்தவனுக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று சட்டென்று எழுந்து போனது.

"மேடம், இந்தப் போஸ்ட்டுக்குக் கீழே 'கிடைத்துவிட்டார்'னு போடட்டுமா?"

"போடும்மா. தேதியோட போடு."

அக்கா ஏணியை வாங்கிச் சுவரில் சாய்த்து, அடியில் காலை முட்டுக்கொடுத்து நின்றாள்.

"இறங்குடா. கடைசிப் படி ஆடுது, பார்த்து."