வெள்ளைக்கழிச்சல் பாசிட்டிவ்

பரிசோதனைக் கூடத்தின் முடிவு கதிர்வேலின் கைபேசியில் வந்தது. அவனுடைய முட்டைக்கோழிகளின் தொண்டையில் எடுத்த சளியில் வெள்ளைக்கழிச்சல் வைரஸ் இருக்கிறதாம். பக்கத்துத் தோட்டத்துக் குழந்தைவேலின் பண்ணை போன வாரம்தான் அந்த நோயில் காலியானது. கழுத்து முறுக்கிச் செத்த கோழிகளைக் குழியில் தள்ளியதை வேலியோரம் நின்று பார்த்திருந்தான்.

கோழிகள் சாவதற்குள் விற்றுவிட, கறிக்கடைகளுக்குக் கோழி பிடிக்கும் காத்தானுக்குப் போன் போட்டான். லாரி உடனே வந்துவிட்டது. ஆட்கள் காலிப் பெட்டிகளை ஷெட்டுக்குள் அடுக்கினார்கள்.

"ஏனுங்ணா, முட்ட போடற கோழியப் போயி புடிக்கச் சொல்றீங்க. மாமியா ஊட்டு விருந்துங்களா?" என்று காத்தான் சிரித்தான்.

அதற்குள் மனைவி சத்யபிரியா கால்நடை மருத்துவர் அக்சிலியாவைக் கூப்பிட்டு, போனைக் கதிர்வேல் கையில் திணித்தாள்.

"கோழி ஏதாச்சும் செத்துச்சா?" என்று கேட்டார் மருத்துவர்.

"இல்லீங்க மேடம். தும்முதுங்க. தீவனம் நல்லாத்தான் திங்குது."

"சளி எடுக்கறதுக்கு முன்னாடி தடுப்பு மருந்து குடுத்தீங்களா?"

கொடுத்திருந்தான். குழியைப் பார்த்த பயத்தில் கோழிகளைக் கொஞ்ச நேரம் தாகத்தில் விட்டு, குழாய்த் தண்ணீரின் குளோரின் மருந்தைக் கெடுத்துவிடாமல் இருக்கப் பால்பவுடர் கரைத்து, அதில் மருந்தைக் கலந்து குடிக்கவிட்டான். அப்போதும் பயம் அடங்கவில்லை. எதற்கும் பார்த்துவிடுவோமென்று அதே வாரம் சளி எடுத்து அனுப்பினான்.

"அது உயிருள்ள மருந்துங்க. வீரியம் குறைஞ்ச அதே வைரஸ்தான். தொண்டையில கொஞ்ச நாள் பெருகும், லேசாத் தும்ம வைக்கும். உங்க டெஸ்ட் வைரஸோட ஒரு துண்டைத்தான் தேடுது. அது நோயோடதா, மருந்தோடதான்னு அதுக்குத் தெரியாது."

"அப்ப நோவு இல்லீங்களா?"

"அப்படியும் சொல்ல முடியாது. நோய் வைரஸ்ல ஒரு இடம் மட்டும் வேற மாதிரி இருக்கும். அதைப் பார்க்கிற டெஸ்டுக்கு அதே சளியை அனுப்பச் சொல்றேன், நாளைக்கு முடிவு வந்துரும். எதுவா இருந்தாலும் வண்டியில ஏத்தாதீங்க. நோயா இருந்தா போற வழியெல்லாம் பரவும்."

கதிர்வேல் ஷெட்டுக்குள் ஓடினான். "காத்தா, நிறுத்தப்பா. கோழி புடிக்க வேண்டாம்."

"நல்ல ஆளுங்ணா நீங்க. நேத்துப் பூராச் சீக்குப் பண்ணைகதான். பொட்டியக் கழுவக்கூட நேரமில்லாம உங்களுக்காக ஓடியாந்தேன்."

கதிர்வேல் பெட்டிகளைப் பார்த்தான். கம்பிகளில் வெள்ளையாய் எச்சம் காய்ந்திருந்தது. அவற்றை ஒட்டிய கூண்டிலிருந்து ஒரு கோழி கழுத்தை நீட்டி அதைக் கொத்திக்கொண்டிருந்தது.

போனை மறுபடி காதில் வைத்து, கண்டதை மருத்துவரிடம் சொன்னான்.

"பெட்டியெல்லாம் வெளிய எடுத்து கிருமிநாசினி அடிங்க. ஆளுங்களை அனுப்பிருங்க."

"நாளைக்கு அந்த டெஸ்ட்ல தெரிஞ்சுருமுங்களா மேடம்?"

"அது போன வாரச் சளிங்க. இன்னிக்கு உள்ள வந்ததை அது சொல்லாது."