இருந்தால் நல்லது

பென் டிரைவில் அந்த முந்நூறு எம்பி ஜோசுவாவின் கண்ணை உறுத்தியது. பழைய கம்ப்யூட்டர்களுக்கென்று அவன் இலவசமாகக் கொடுத்துவந்த தமிழ் டெஸ்க்டாப்பில் எந்த மென்பொருளும் தனியாக வராது. பத்திரிகை வைக்காத உறவுபோல வேறு மென்பொருள்களையும் கூட்டிக்கொண்டுதான் வரும். சிலது இல்லாமல் ஓடாது. சிலது ‘இருந்தால் நல்லது’ பட்டியல், தானாக ஏறிவிடும். மிச்சம் ‘வேண்டுமென்றால்’ பட்டியல். யாராவது அதைத் திறந்து டிக் அடித்தால்தான் வரும். எதை எதில் வைப்பது என்று நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வான்.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் தமிழ்க் குரல்தான் அந்த முந்நூறு எம்பி. அதை ‘வேண்டுமென்றால்’ பக்கம் தள்ளினான். பென் டிரைவில் இடம் மிச்சமானது.

இத்தனைக்கும், பிறவியிலேயே பார்வையில்லாத அக்கா கலையரசிக்காகத்தான் அவன் இந்த வேலையையே தொடங்கினான். புதிய பதிப்பை முதலில் அவளுடைய லேப்டாப்பில்தான் அப்டேட் செய்வான்.

“பேசுதாக்கா?”

“நல்லாப் பேசுதுப்பா.”

ஏன் பேசாது? போன வருஷம் ஏறிய குரல் அதில் பத்திரமாக இருந்தது. அப்டேட் அதைத் தொடவில்லை. காலியான கம்ப்யூட்டர் ஒன்றில் புதிதாகப் போட்டுப் பார்ப்போம் என்று அந்த மேதாவிக்குத் தோன்றவேயில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு படிப்பகத்துக்குப் பொறுப்பாளர் தேவைப்பட்டார். வயது முப்பத்தைந்து வரைதான். கலையரசிக்கு அடுத்த மாதம் முப்பத்தாறு. இதை விட்டால் வேறு வழியில்லை. அதற்கான தேர்வை நடத்திய சிட்டிபாபு, ஜோசுவாவின் பென் டிரைவை வாங்கிப்போய்ப் படிப்பகத்தின் பத்துக் கம்ப்யூட்டரிலும் புதிதாக ஏற்றியிருந்தார். எழுத ஆள் வேண்டுமா என்று கேட்டபோது கலையரசிக்குப் பெருமை பிடிபடவில்லை.

“வேணாம் சார். எங்க தம்பி செஞ்ச சிஸ்டம், அதுவே எனக்குப் படிச்சிக் காட்டும்.”

தேர்வன்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குரல் வரவில்லை. தெரிந்த பட்டனையெல்லாம் அழுத்திப் பார்த்தாள். சிட்டிபாபு வந்து ஹெட்போனைச் சோதித்தார்.

“சவுண்டு நல்லாத்தாம்மா இருக்குது. தம்பிக்குப் போன் போடட்டுமா?”

“வேணாம் சார், இப்போ வந்துரும்.”

சுற்றிலும் மற்றவர்கள் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குரலைக் கொண்டுவரும் டிக்கை அடிக்கப் பார்வை வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? தேர்வுக்கான ஒரு மணி நேரமும் அப்படியே போனது.

பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குத் திரும்பியதும் அவள்தான் சமாதானம் சொன்னாள்.

“குரல் வரும்னு ரொம்ப நேரம் காத்துக்கினே இருந்தேன்பா. நான்தான் எதையோ தப்பா அழுத்திட்டேன் போல.”

ஜோசுவாவுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தப் பாவத்தை மட்டும் அவன் செய்யவில்லை.

“நீ இல்லக்கா. நான்தான் குரலை எடுத்துட்டேன். இடம் பத்தல.”

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் லேப்டாப்பைத் திறந்து, குரலுக்கான அந்த ஒரு வரியை வெட்டி ‘இருந்தால் நல்லது’ பட்டியலில் ஒட்டிச் சேமித்தான். நாலைந்து தட்டல்தான். அவள் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னாப்பா பண்ண?”

“சரி பண்ணிட்டேன்க்கா. இனிமே எல்லாத்துலயும் தானா வரும்.”

“அதுக்குள்ளயா?” என்றாள் கலையரசி. “இவ்ளோதானா?”

பதில் வரும் என்று அவள் முகத்தை அவன் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.