கவுன் மேல் கல்லுப்பு

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். ஜெனிபர் வீட்டிலோ குப்பைக்குப் போக வேண்டிய பண்டங்கள்கூட உப்பால் பிழைத்துக்கொண்டிருந்தன. முட்டை விழுந்து உடைந்தால் அதன் மேல் உப்பைத் தூவு, வழுக்காமல் அள்ளிவிடலாம். சிங்க் அடைத்துக்கொண்டால் உப்பும் கொதிநீரும். டீக்கறை ஏறிய டம்ளருக்கும் உப்புதான். "கொஞ்சம் அசந்தா என் தலையிலயே உப்ப கொட்டிடுவ போலகீதே" என்று கணவன் ஸ்டீவன் கேலி செய்வான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி செய்யும் ஆலையில் அவனுக்கு வேலை. ஷூ நாற்றம் போக அவள் ராத்திரியில் உப்பு போட்டு வைப்பதைப் பற்றி மட்டும் அந்த வாய் பேசாது.

இந்த உப்புப் பைத்தியம் பிடித்ததே ஒரு பட்டுப்புடவையால்தான். சில வருஷங்களுக்கு முன் ஸ்டீவனின் அக்கா கிறிஸ்டினா ஒரு கல்யாணத்துக்காக வந்து தங்கியிருந்தாள். நாத்தனாருக்கு உதவுகிறேன் பேர்வழி என்று புடவையைத் தேய்க்கப் போன ஜெனிபர் முந்தானையைத் தீய்த்துவிட்டாள். கருகிய பட்டு இஸ்திரிப் பெட்டியின் அடியில் அப்பிக்கொண்டது. பழைய பேப்பரில் உப்பைப் பரப்பி, சூடான பெட்டியை அதன் மேல் ஓட்டச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தில். ஓட்டினாள், பெட்டி பளிச்சென்று ஆகிவிட்டது. உறவுதான் ஆகவில்லை. "இவ கையில எத்த குடுத்தாலும் வெளங்காது" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுத் திருநின்றவூருக்குப் போன கிறிஸ்டினா, அதற்குப் பிறகு இந்த வாசற்படியை மிதிக்கவில்லை. ஸ்டீவன் மட்டும் அக்கா வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

அந்தக் கிறிஸ்டினாதான், ஜெனிபரின் மகள் ரோஸ்லினுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும், போன வருஷம் தன் மகள் போட்ட வெள்ளைக் கவுனைத் தானாகவே தம்பியிடம் கொடுத்தனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவதாகவும் சொல்லியிருந்தாள். ஜெனிபருக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்குக் கவுன் பெரிதில்லை, அண்ணி மனசு இறங்கி வந்ததுதான் பெரிது.

துணிப்பெட்டியில் கிடந்த வாடை போகட்டும் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் கவுனை அலசி மொட்டைமாடியில் காயப்போட்டாள். சனிக்கிழமை காலையில் எடுக்கப் போனாள். கவுனின் இடுப்புக்குக் குறுக்கே செங்காவி நிறத்தில் ஒரு கோடு.

கொடிக்கயிறு அறுந்துபோனதும் ஸ்டீவன் கட்டுக்கம்பியை இழுத்துக் கட்டியிருந்தான். "கட்டடத்துக்கே போட்ற கம்பி, உன் துணிய தாங்காதா?" என்று பெருமை வேறு. துணியைத் தாங்கியது, உண்மைதான். ஈரத்துக்குத் துரு ஏறியதைத்தான் ஜெனிபர் கவனிக்கவில்லை.

"ப்ளீச்சிங் பவுடர் போடுக்கா, வெள்ளையாய்டும்" என்றாள் பக்கத்து மாடியிலிருந்து பூமிகா.

"ஐயோ, துருவுக்கு அத்த போட்டா இன்னும் நல்லா புடிச்சிக்கும்."

வழி அவளுக்குத் தெரியும். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கல்லுப்பைப் பொடித்துக் கறை மேல் அப்பி, வெயிலில் வைக்க வேண்டும். ஸ்டீவனின் யூனிபார்மில் எத்தனையோ தடவை செய்ததுதான். ஆனால் யூனிபார்ம் போனால் போகட்டும், கவுன் போனால் அண்ணியும் போய்விடுவாள். பார்த்துப் பார்த்து உப்பை வைத்தாள். காய்ந்ததும் மறுபடி பிழிந்தாள். நடுவில் மாதாவையும் கூப்பிட்டுக்கொண்டாள். செங்காவி மெல்ல மஞ்சளாக வெளுத்தது.

அப்போது ஸ்டீவன் போன் செய்தான். "அக்கா நாளைக்கு வர்ல, இன்னிக்கே வர்து. சென்ட்ரல்ல வண்டி மாறிக்கினு வந்துடுச்சாம். நான் ஸ்டேசனுக்குப் போறேன்."

"இன்னாங்க இது பேஜாரு!" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டான். கையிலிருந்த கடைசி எலுமிச்சம்பழத்தையும் பிழிந்தாள். வெயில் தன் வேலையைச் செய்தது. அதற்கும் கிறிஸ்டினாவின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் ஏறி வருவதற்கும் சரியாக இருந்தது.

"ஊட்ல ஒர்த்தரயும் காணம். இங்க இன்னாத்த பண்ணிக்கினுகீற?"

கவுனுக்கு முன்னால் மறைத்து நின்ற ஜெனிபருக்குப் பொய் வரவில்லை. "அண்ணி, கவுன்ல கறை பட்டுச்சி. காயப்போட்டது நான்தான், தப்பு என்னுதுதான்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு விலகி நின்றாள்.

கிறிஸ்டினா குனிந்து உப்பை ஒரு விரலால் ஒதுக்கிப் பார்த்தாள். நிமிர்ந்து கொடியைப் பார்த்தாள்.

"இந்தக் கம்பிய யாரு கட்னது?"

"உங்க தம்பிதான்."

அவ்வளவுதான், கிறிஸ்டினா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். "பாவிப்பய! என் ஊட்லயும் இதயேதான் கட்டிட்டுப் போனான். என் பொண்ணு நன்மைக்கு மொத நாளு இதே எடத்துல இதே கோடு. நானும் உப்பும் எலுமிச்சம்பழமும் வெச்சிக்கினு வெயில்ல காஞ்சேன்."

"யார்கிட்டயும் சொல்லவே இல்லியே அண்ணி?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது? ஒரு பொடவைக்கு உன்ன அத்தினி பேச்சு பேசினவ நானு." அவள் குரல் இறங்கியது. "அன்னிக்குக் கறைய தேய்க்கறப்போ உன் நெனப்புதான் வந்துச்சி. பாவம், இந்தப் பொண்ணும் இப்டித்தான பதறியிருக்கும்னு."

ஜெனிபரின் நெஞ்சில் இத்தனை வருஷமாக ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. கண்ணைத் துடைக்கப் போய், கையிலிருந்த உப்பு கண்ணில் பட்டு எரிந்தது. அவள் அழுதாள், அண்ணி சிரித்தாள், பிறகு அவளும் சிரித்தாள்.

இருவருமாக வாளித் தண்ணீரில் கவுனை அலசினார்கள். கறை இருந்த இடம் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டீவன் மேலே வந்தான்.

"பைய வெச்சிட்டு மொதல்ல அந்தக் கம்பிய அவுரு" என்றாள் கிறிஸ்டினா. "இன்னொரு தபா கறை வந்திச்சி, உன்ன உப்புல ஊற வெச்சிருவேன்."

ஒன்றும் புரியாமல் அவன் கம்பியை அவிழ்க்கத் தொடங்கினான். இனிக் கவுனைப் போடக் கொடி இல்லை. அண்ணி ஒரு தோளையும் ஜெனிபர் ஒரு தோளையும் பிடித்து விரித்துக்கொண்டு, அது காயும்வரை வெயிலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.