படியேறிய கடற்கரை

காலாசோர்தா என்ற சிற்றூரின் கடற்கரை அந்த மே மாதம் படியேறத் தொடங்கியது. தக்காளி விலை ஏறுவதைப் போல அதையும் முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரையில் குடையும் சாய்நாற்காலியும் வாடகைக்கு விடும் எர்சிலியா மட்டும், முன்வரிசை மணல் இருந்த இடத்தில் வெறும் பாறையைப் பார்த்துத் திகைத்து நின்றாள். புயலும் இல்லை, பேரலையும் இல்லை. ஜூனில் சுற்றுலாப் பருவம் தொடங்கிவிடும். இத்தாலியின் லிகூரியாப் பகுதியில் அழகான கடற்கரைகளுக்குப் பஞ்சமில்லை. இங்கே மணல் இல்லையென்றால் விடுமுறைக்கு வரும் மிலானோக்காரர்கள் அடுத்த ரயில் நிலையத்தில் இறங்கிக்கொள்வார்கள், பிறகு அவள் குடைகளை விறகுக்குத்தான் போட வேண்டும்.

நகராட்சி லாரியில் கொண்டுவந்து கொட்டிய மணலும் ஒரு வாரம் தங்கவில்லை. பொறியாளர் நீரோட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். "என்ன எர்சிலியா, உன் வாடகைக்குப் பயந்து மணலே ஓடிருச்சா?" என்று மீன்காரன் கைதோ கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. ஊருக்குள் ஏறும் கல்படிகளில் ஈர மணல் சிந்திக் கிடப்பதைக் கண்டும் காணாதவளாக இருந்தாள். கடைசியில் தபால்காரி இல்டேதான் வந்து சொன்னாள்: "மேல தெல்ஃபீனாம்மா வீட்டு முத்தத்துல மணலு, கிளிஞ்சலோட கெடக்கு. உனக்குத் தெரியாதா என்ன?"

எர்சிலியாவுக்குக் காரணமும் தெரியும். அந்தக் கரையில் முன்வரிசைக் குடை என்பது குடும்பக் கல்லறை மாதிரி, தலைமுறை தலைமுறையாக வருவது. ஆகஸ்ட் நடுவில் வரும் மாதா திருநாளுக்குள் உரியவர் வந்து உட்காராவிட்டால் உரிமை போய்விடும். ஏழாம் குடை மேல்வீட்டுக் கிழவி தெல்ஃபீனாவுடையது. போன வருடம் இடுப்பெலும்பு முறிந்து அவளால் இறங்க முடியவில்லை. அது தெரிந்திருந்தும், திருநாளுக்கு மறுநாளே எர்சிலியா அந்த இடத்தைத் தோரினோ நகரத்துப் பல் மருத்துவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள்.

அவள் மூச்சிரைக்க ஏறிப் போனபோது, எலுமிச்சை மரங்களின் கீழே கரை அப்படியே பரந்து கிடந்தது. பூந்தொட்டிக்குள் நண்டுகள் ஓடின. தெல்ஃபீனா மணலில் காலைப் புதைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வா, வா. என் எடத்த யாருக்குடி குடுத்தே?"

"பல் டாக்டருக்கு. சட்டப்படிதாம்மா..."

"பல்லு புடுங்குறவனுக்கு எதுக்குடி கடலு? சரி, சட்டம் சட்டந்தான். நான் ஒண்ணும் மணலக் கூப்புடல. அதுவா வந்துச்சு. போன்னு சொல்லியும் பாத்துட்டேன்."

எர்சிலியா படியிறங்கிக் கரைக்குப் போனாள். ஏழாம் குடையைத் தோளில் சுமந்து மறுபடி ஏறி, கிழவிக்கு முன்னால் நட்டாள். இதோடு மணல் திரும்பிவிடும் என்று வேண்டிக்கொண்டாள். திரும்பவில்லை. மறுநாள் காலை கடலும் ஏறி வந்து எலுமிச்சை வேர்களை நனைத்துக்கொண்டிருந்தது. அலை தெல்ஃபீனாவின் கணுக்கால் வரை வந்து, மரியாதையாக நின்றது.

மற்ற குடைகளைக் கழுதைகள் மேலே கொண்டுபோயின. பருவம் உரிய நாளில் தொடங்கியது. இரண்டாம் வரிசை கிடைத்த பல் மருத்துவர், படிகள் செங்குத்தாக இருப்பதாக மட்டும் குறைப்பட்டார்.

இப்போது ரயிலிலிருந்து இறங்கி யாராவது கடற்கரைக்கு வழி கேட்டால், பயணச்சீட்டுக்காரர் தலையை நிமிர்த்தாமலே மலைப்பக்கம் கைகாட்டுகிறார்.

"அந்தா, எலுமிச்சைத் தோப்புல. ஏழாம் குடையில மட்டும் உக்காந்துறாதீங்க."