தோழன் மோதிரம்

தேவாலய வாசலில் என் அண்ணன் கபிலன் மண்டியிட்டபோது நான் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முன்னால் பித்தளைத் தாம்பாளம், பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர். எதிரே வலது ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, கோட் சூட்டோடு ஜெரால்ட் நின்றான். இன்னும் கொஞ்ச நேரத்தில் எனக்குப் புருஷனாகப் போகிறவன். அந்த வலது காலைப் போன வருஷம் உடைத்தவன்தான் கபிலன்.

சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, மோட்டார்சைக்கிள் நிறுத்துமிடத்தில் நடந்தது அது. "வேதக்காரப் பயதான் கெடச்சானாடி ஒனக்கு?" என்று, கிறிஸ்தவனைக் காதலித்த குற்றத்துக்காக என் முடியைப் பிடித்துத் தூணில் மோதினான். தடுக்க வந்த ஜெரால்டை ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தான். கீழே விழுந்தவனின் கணுக்காலில் ஏறி ஏறி மிதித்தான். எலும்பு முறிந்த பிறகும் மிதித்தான். என் வாயெல்லாம் ரத்தம். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு ஜென்மம்கூட இறங்கி வரவில்லை. நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதால்தான் ஜெரால்ட் போலீஸ் புகாரைத் திரும்ப வாங்கினான்.

எங்கள் திருமண அறிவிப்பு ஓலையை இரண்டாம் முறை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, கபிலன் தேவாலயத்தின் கடைசி வரிசையில் வந்து நின்றான். இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதர் அறிவித்தபோது அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. வெளியே மரத்தடியில் எனக்காகக் காத்திருந்தான்.

"மாப்பிள்ளைக்குக் கால் கழுவ தோழன் வேணும்ல? நான் வர்றேன் தங்கச்சி. மிருகம் மாதிரி நடந்துக்கிட்டேன்."

பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவுவதும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவதும் எங்கள் யாழ்ப்பாண வழக்கம். அப்பா உயிரோடு இல்லை. என் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிப் போகவும் கபிலனை விட்டால் ஆளில்லை. பாதரிடம் கேட்டேன், வாசலில் செய்துகொள்ளச் சொன்னார். ஜெரால்டும் உடனே சம்மதித்தான். "வரட்டும் லா. மோதிரத்த நானே வாங்கிடுறேன்," என்றான். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று அன்றைக்கு மடச்சி மாதிரி சந்தோஷப்பட்டேன்.

கபிலன் அந்தக் காலைக் கையில் ஏந்தினான். கணுக்காலில் தையல் போட்ட தழும்பு நீளமாகக் கிடந்தது. திருகிவிடுவானோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவன் தண்ணீரை மெல்ல ஊற்றினான். தழும்பைத் தொட்டதும் அவன் தோள் குலுங்கியது. ஊர் பார்க்க அழுதான். துண்டால் விரல் விரலாகத் துடைத்துவிட்டு எழுந்து வலது கையை நீட்டினான்.

ஜெரால்ட் சிரித்த முகத்தோடு மோதிரத்தை அவன் விரலில் நுழைத்தான். மோதிரம் மூட்டில் சிக்கியது. "அளவு சின்னதா போச்சு லா!" என்று யாரோ கத்த, கூட்டமே சிரித்தது. ஜெரால்ட் இடது கையால் அவன் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு விரலைப் பின்னால் வளைத்தான். இன்னும் வளைத்தான். பக்கத்தில் நின்ற எனக்கு எலும்பு முறியும் சத்தம் கேட்டது. கபிலனின் முகம் வெளுத்து உதடு கோணியது. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வலிக்குதா மச்சான்?" ஜெரால்ட் அவன் காதருகே குனிந்தான். "எனக்கும் இப்படித்தான் வலிச்சிச்சு."

"மாப்ள, இன்னொரு தடவ போடுங்க," என்றான் போட்டோ எடுக்கிறவன். முறிந்த விரலில் மோதிரத்தைக் கழற்றாமலே ஜெரால்ட் இன்னொரு முறை அழுத்தினான். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு, என் கன்னத்தைச் செல்லமாகத் தட்டிவிட்டு உள்ளே போனான். அவன் விரல் பட்ட இடத்தில் எனக்கு எரிந்தது. இத்தனை நாள் நான் ஒருத்தனுக்கு மட்டும்தான் பயந்திருக்கிறேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்ண்ணே."

"ஒண்ணுமில்ல. நா வாங்க வேண்டியதுதான். நட, எல்லாரும் பாக்குறாங்க."

உள்ளே பியானோ ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்து திரும்பினார்கள். வெள்ளைப் பட்டுச் சேலையும் முக்காடும் தடுக்க, கபிலனின் இடது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வலது கையை அவன் வேட்டி மடிப்புக்குள் மறைத்திருந்தான். பாதி வழியில் என் கால்கள் நின்றுவிட்டன.

பியானோ வாசித்தவள் பாட்டை முடித்து, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். பீடத்தடியில் ஜெரால்ட் புன்னகையோடு என்னை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.