நீல மருந்து போன வழி

வடசென்னையில் டோல்கேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை ஷேர் ஆட்டோ ஓட்டுபவள் மலர்க்கொடி. ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அன்றைக்கே கணவன் கிருஷ்ணப்பனிடம் சொல்லிவிட்டாள். மருத்துவமனையில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது.

அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டர் உமைமா இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர், அவர்கள் பேச்சிலேயே பேசினார்.

"கட்டிய எடுத்துடலாம். அதுல இருந்து கேன்சர் செல்லுங்க கெளம்பிப் போயிருக்கான்றததான் பாக்கணும்."

"கெளம்பிப் போவுமா? அதுக்கு இன்னா காலா கீது மேடம்?" என்றாள் மலர்க்கொடி.

"கால் இல்லாமலே நகரும்மா. சுத்தி இருக்கிற சதைய கரைச்சிக்கினே, சந்து கெடைச்சா நெளிஞ்சி பூந்துடும். பக்கத்துல நிணநீர் ஓடற சன்னமான குழாய்ங்க கீது. அதுல எறங்கினா பெரும்பாலும் அக்குள்ல இருக்கிற முடிச்சுக்குத்தான் முதல்ல வரும். அதையும் தாண்டி ரத்தத்துல கலந்தா நுரையீரல், எலும்புன்னு எங்க வேணா போயி குந்திக்கும். ஆனா ரத்தத்துல போறதுல நெறைய வழியிலயே செத்துடும்."

"அப்ப அக்குள்ல இருக்கிறத மொத்தமா எடுத்துடுங்க" என்றான் கிருஷ்ணப்பன்.

"எடுத்தா கை வீங்கிக்க வாய்ப்பு இருக்கு."

மலர்க்கொடி தன் இடது கையைப் பார்த்தாள். கிளட்சும் கியரும் அந்தக் கைக்குத்தான். "வீங்கிச்சின்னா நான் வண்டி எடுக்க முடியாது மேடம்."

"அதுக்குத்தான் கட்டி பக்கத்துல ஒரு நீல மருந்து போடுவோம். செல்லுங்க போற அதே வழியில அதுவும் போவும். முதல்ல நீலமாவுற முடிச்சை மட்டும் எடுத்து, ஆபரேஷன் நடக்கும்போதே லேப்ல பாப்போம். அதுல இல்லன்னா மத்ததுல இருக்கிறது அபூர்வம்."

அறுவை சிகிச்சையன்று கிருஷ்ணப்பனால் உட்கார முடியவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், நாளெல்லாம் ஒரே இடத்தில் இருந்து பழகியவன். அன்று நடந்துகொண்டே இருந்தான். மதியம் உமைமா வெளியே வந்தார்.

"ரெண்டு முடிச்சு நீலமாச்சு. ரெண்டுலயும் ஒண்ணும் இல்ல. மத்ததைத் தொடல."

கிருஷ்ணப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "டீ சாப்பிடுறீங்களா மேடம்?" என்றான். உமைமா சிரித்துவிட்டு, சாப்பிடுகிறேன் என்றார்.

மறுநாள் காலை மலர்க்கொடி கழிவறையிலிருந்து வெளிறிய முகத்துடன் வந்தாள். "யோவ், ஒண்ணுக்கு பச்சையாப் போவுதுய்யா. இன்னாவோ ஆயிடுச்சி."

அவன் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தான். அந்த நீல மருந்துதான் வெளியேறுகிறது, ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்றாள் நர்ஸ். விஷயம் புரிந்ததும் மலர்க்கொடிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தையல் இழுத்தது. வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

பிறகு கதிர்வீச்சு, தினமும் ஒரு மாத்திரை. இனிமேல் வரவே வராது என்று சத்தியம் செய்ய முடியாது, சோதனைக்கு ஒழுங்காக வரவேண்டும் என்று உமைமா சொல்லியிருந்தார். வருகிறேன் என்று மலர்க்கொடி ஒப்புக்கொண்டாள். கை இறுகிப்போகாமல் இருக்கச் சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றிப் பயிற்சி செய்தாள்.

டாக்டர் சரி என்ற பிறகு வண்டியை எடுத்தபோது கிருஷ்ணப்பனும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஒவ்வொரு கியருக்கும் அவள் கையையே பார்த்தான்.

"வலிக்குதா?"

"இல்லய்யா. ரோட்டப் பாரு."

கடற்காற்று உள்ளே புகுந்து அவள் சட்டைக் காலரை அடித்தது. தேரடியில் ஒரு பெண் கூடையோடு கை காட்டினாள். பின்சீட்டில் ஏற்கெனவே ஆட்கள் நிரம்பியிருந்தார்கள். மலர்க்கொடி வண்டியை ஓரம் கட்டினாள்.

"எறங்குய்யா, சவாரி நிக்குது."

அவன் இறங்கினான். வண்டி கூட்டத்துக்குள் போய் மறையும்வரை அங்கேயே நின்றான். பிறகு பெட்டிக்கடையில் ஒரு சோடா வாங்கி மெதுவாகக் குடித்தான்.