ஒரு மெத்தை, இரண்டு சொந்தக்காரர்கள்

எங்கள் குடியிருப்பில் யாரும் கண்ட இடத்தில் குப்பை போடுவதில்லை. கேட்டுப் பாருங்கள், அத்தனை பேரும் அடித்துச் சத்தியம் செய்வார்கள். தொட்டிக்குள் போட்டால்தானே குப்பை? பக்கத்தில் சாய்த்து வைத்தால் அது தானம். "இல்லாதப்பட்டவங்க யாராவது எடுத்துக்கட்டுமே" என்று பெருந்தன்மையாகச் சொல்லி, கையைத் தட்டிக்கொண்டு மேலே போய்விடுவார்கள். அந்தத் தானமெல்லாம் வந்து விடிவது என் தலையில்.

நான் தரைத்தளத்துத் தையல்காரி. பொதுக் குப்பைத்தொட்டிகள் இரண்டும் என் உள்ளறை ஜன்னலுக்கு நேர் வெளியே. அவற்றை ஒட்டி, கால் ஆடும் சாய்வு நாற்காலி, கதவில்லாத அலமாரி, நடுவில் பள்ளம் விழுந்த மெத்தை. அதைப் பார்த்துத் தைரியம் வந்தவர்கள் அழுகல் பைகளையும் மேலே வீசினார்கள். ஈ, எலி, நாற்றம். குப்பை வண்டிக்காரர்களோ தொட்டிக்குள் இருப்பதை மட்டும்தான் எடுப்பார்கள். வெளியே கிடப்பதைத் தொடுவது அவர்கள் வேலை இல்லையாம்.

வழக்கமாக ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமாளிப்பேன். இந்த முறை மகள் கைக்குழந்தையோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அவளுக்குக் கொடுக்க அந்த உள்ளறைதான் இருக்கிறது.

"அந்த நாத்தத்துல புள்ளையைப் படுக்க வைக்க முடியாதும்மா. அப்படியே இருந்தா நான் மாமியார் வீட்டுலயே இருந்துடுறேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். அன்றைக்கு எனக்கு ஊசியில் நூல்கூடக் கோக்க வரவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் போனேன். புகார் எழுதுவதில் மனிதர் புலி.

"எவனோ வெளியாள் கொண்டாந்து கொட்டுறாம்மா. கையில சிக்கட்டும், உண்டு இல்லைன்னு பண்ணிடுறேன்!"

அந்தச் சாய்வு நாற்காலியில் அவர் பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படித்ததை ஊரே பார்த்திருக்கிறது. சொன்னால் பொல்லாப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"விடு, நாமளே தூக்கி அடுத்த தெருவுல போட்டுடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏங்க, அங்க இருக்கறவங்க பெத்தது மட்டும் புள்ளை இல்லையா?"

மறுநாள் தலைவர் மனைவி ரவிக்கை தைக்க அளவு கொடுக்க வந்தார். டேப்பைத் தோளில் வைத்தபடி மெதுவாக ஆரம்பித்தேன்.

"அக்கா, காலையில வேன்ல ரெண்டு பேரு வந்து அந்த நாற்காலியைச் சுத்திச் சுத்திப் பாத்தாங்க. இந்த மாதிரி மரம் இப்பல்லாம் கிடைக்கறதே இல்லையாம். சாயங்காலம் வந்து தூக்கிட்டுப் போறாங்களாம். யாரு வீட்டுதோ பாவம், அருமை தெரியாம போட்டுட்டாங்க."

ஒரு கைக்குத்தான் அளவு எடுத்திருந்தேன். அக்கா அதற்குள் மாடிப்படியில் இருந்தார்.

அரை மணியில் தலைவரே வந்து, வியர்க்க விறுவிறுக்க நாற்காலியைத் தூக்கினார்.

"வெளியாள் போட்டதுதானே தலைவரே?"

"இல்லம்மா... சும்மா வெயில்ல காய வெச்சிருந்தேன்."

செய்தி மாடிக்கு மாடி ஏறியது. நான் இரண்டு பேரிடம் சொன்னதுதான். அலமாரி எப்போது போனதென்றே தெரியவில்லை. மெத்தைதான் பெரிய ரகளை. அதில் படுத்தால் முதுகுவலி பறந்துவிடும் என்று அந்த வராத வேன்காரர்கள் பேசிக்கொண்டதாக லேசாகச் சொல்லி வைத்திருந்தேன். மாடியில் குடியிருக்கும், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஒரு முனையைப் பிடித்தார், தலைவரின் மச்சான் மறுமுனையைப் பிடித்தார்.

"இது எங்க மெத்தை!"

"உங்க மெத்தையா? அந்தப் பள்ளமே என் முதுகு விழுந்த பள்ளம்ய்யா!"

நேற்றுவரை நாதியற்றுக் கிடந்த மெத்தைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! "ஆளுக்கு ஒரு மாசம் வெச்சுக்குங்களேன்" என்று தீர்ப்புச் சொன்னேன். முறைத்துக்கொண்டே இருவரும் சேர்ந்து மேலே தூக்கிப் போனார்கள். மிச்சமிருந்த பைகளை நானும் வீட்டுக்காரரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு தொட்டிக்குள் தள்ளினோம். சனிக்கிழமை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது.

ஞாயிறு காலை ஜன்னலைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. மகள் வந்து நின்று மூக்கைச் சுருக்கிப் பார்த்தாள், பிறகு குழந்தையை ஜன்னலோரமாகவே கிடத்தினாள். பேரன் பசி வந்து அழுதான் பாருங்கள், அப்பாடி, என்ன தொண்டை!

மத்தியானம் தலைவர் இறங்கி வந்தார்.

"அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தக் கூடாதாம்மா? சத்தம் மேல வரைக்கும் வருது, கண்ணை மூட முடியல. அப்புறம் நான் புகார் எழுத வேண்டியிருக்கும்."

நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் கண்தான் கலங்கியது.

"தாராளமா எழுதுங்க தலைவரே. பேரனுக்கு இன்னும் பேர் வைக்கல, கீழ்வீட்டுப் பையன்னு போட்டுக்குங்க" என்றேன்.